மாத்திரைக்கு விரதம் தெரியாது

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்):

எனக்கு வயது 48. சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். கணவருக்குப் பட்டுத்தறி. ஆறு வருடமாக எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சென்ற தைப்பூசத்துக்கு வடலூர் போய்வந்ததிலிருந்து ஆடு, கோழி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, அமாவாசை நாட்களில் மாலை விளக்கேற்றும் வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை. பிறகு ஜவ்வரிசி உப்புமா, வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை போட்ட பால். வெள்ளைச் சர்க்கரையைத் தொடுவதே இல்லை. ஏற்காட்டில் வாங்கிய மலைத்தேன் இருக்கிறது. ஆனாலும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.4இலிருந்து 8.6 ஆகிவிட்டது. சைவத்துக்கு மாறினால் குறையும் என்றல்லவா சொல்கிறார்கள்? என் விரதத்தில் ஏதாவது குறையா? இரவில் உள்ளங்கால் வேறு மரத்துப்போகிறது.

என்னைப் பார்த்து 16 வயது மகளும் கறி, முட்டையை விட்டாள். பள்ளியில் மயங்கி விழுந்தாள், ரத்தம் 9.2தான் இருக்கிறது என்றார்கள். மாமியார் என்னைத் திட்டுகிறார். கண்ணப்ப நாயனாரே கறி படைத்தவர்தானே என்று கேட்கிறார். நான் வீட்டில் கறி சமைப்பதில்லை என்பதால் கணவரும் மகனும் கடையில் வாங்கிவந்து சாப்பிடுகிறார்கள். பார்த்தாலே அருவருப்பும் கோபமும் வருகின்றன. ஆடி முடிவதற்குள் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு. மருமகள்தான் சமைக்க வேண்டுமாம். சமைத்தால் பாவமா? பால் மட்டும் குடிக்கலாமா?

இன்னொன்று. விரத நாளில் மாலை நான்கு, ஐந்து மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கை கால் நடுங்குகிறது. அம்மன் இறங்குகிறாள் என்கிறார் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. போட்டுக்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களைக் கீழே எழுதியிருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

உணவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

போகிறபோக்கில் ‘இன்னொன்று’ என்று தொடங்கிய கடைசிப் பத்தியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாவ புண்ணியக் கேள்விகள் ஒரு மாதம்கூடக் காத்திருக்கும். இது வருகிற வெள்ளிக்கிழமை வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

நீங்கள் எழுதியுள்ள மாத்திரைகள் இரண்டு. மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரலிலிருந்து ரத்தத்துக்கு வருகிற சர்க்கரையைக் குறைக்கும். அதை மட்டும் போட்டுக்கொள்பவருக்கு, சாப்பிடாத நாளிலும் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. மற்றொன்றான கிளிமிபிரைடு வேறு ரகம். கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்கவைப்பது அதன் வேலை. வயிற்றில் இட்லி இருக்கிறதா, இன்று கிருத்திகையா என்றெல்லாம் அது விசாரிப்பதில்லை. காலையில் அதை விழுங்கிவிட்டு விளக்கேற்றும் வரை வெறும் தண்ணீரோடு இருந்தால், மாலை வாக்கில் ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோகும். வியர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, நெஞ்சு படபடப்பது, கண் மங்குவது, யார் எது சொன்னாலும் எரிந்து விழுவது எல்லாம் தாழ்சர்க்கரையின் அடையாளங்கள். இவற்றில் பல உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன.

அருள் வருவதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நானும் இந்த ஊர்க்காரிதான். ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் வரிசையில் நின்றிருக்கிறேன். அங்கே கண்ட பலவற்றுக்கு என் படிப்பில் விளக்கம் தேடியதும் இல்லை. ஆனால் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்கிற ஒருவருக்கு, பட்டினி நாளில் மட்டும், அதுவும் ஒரே நேரத்தில் வருகிற நடுக்கத்தை நான் முதலில் குளுக்கோமீட்டரில்தான் வைத்துப் பார்ப்பேன். அடுத்த முறை நடுங்கும்போது விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே காட்டினால் அது தாழ்சர்க்கரை. உடனே மூன்று தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்; ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடித்து, ஏறியதும் சாப்பாடு சாப்பிடுங்கள். கருவி கையில் இல்லை என்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் சர்க்கரையைக் குடித்துவிடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும் என்பதைக் கணவரிடமும் மகளிடமும் மாமியாரிடமும் இன்றே சொல்லி வையுங்கள். அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று நினைத்து வேப்பிலையைக் கையில் கொடுத்துவிட்டுச் சுற்றி நின்றால் போகிற உயிர் உங்களுடையது.

மருத்துவரைப் பார்க்கும் வரை முழுப்பட்டினி வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ‘மாதத்தில் பத்துப் பதினோரு நாள் பகலில் சாப்பிட மாட்டேன்’ என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் மாத்திரையின் நேரத்தையோ அளவையோ மாற்றுவார், அல்லது வேறு வகை மாத்திரை தருவார். நோன்பு தொடங்குவதற்கு முன்பே மாத்திரைச் சீட்டோடு வந்து கேட்டுப் போகிற முஸ்லிம் குடும்பங்களை எனக்குத் தெரியும். நம் பெண்கள் மட்டும் விரதத்தை ஏனோ மருத்துவரிடமிருந்து மறைத்தே வைக்கிறார்கள், திட்டுவார் என்று. திட்டினால் திட்டட்டும். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு இஸ்லாத்திலேயே இருக்கிறது. நம் வழக்கத்திலும் நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் சலுகை உண்டு; ஒருவேளை உணவோடு இருப்பதற்கு ஒருபொழுது என்று பெயரே இருக்கிறது.

இனி, 7.4 எப்படி 8.6 ஆனது என்பதைப் பார்ப்போம். விரதத்தில் குறை இல்லை. குறை இலையில் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் கறியும் நான்கைந்து முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கறியிலும் முட்டையிலும் மாவுச்சத்து கிடையாது என்றே சொல்லலாம். அவற்றை விட்டபோது அந்த இடத்துக்கு எது வந்தது? உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், இன்னொரு கரண்டி சோறு. வயிறு நிறைந்தது, புரதம் போய் மாவு வந்தது. விரத நாளின் மாலையிலோ பகல் முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பில் ஜவ்வரிசி, வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை மூன்றும் ஒன்றாக இறங்குகின்றன. நான்கு மணிக்குப் பாதாளத்தில் இருந்த சர்க்கரை எட்டு மணிக்கு மலையேறிவிடும். பகலில் சில மணி நேரம் தாழ்ந்திருந்தது மூன்று மாதச் சராசரியைக் கொஞ்சம் இறக்கினாலும், இந்த ஏற்றத்தை ஈடுகட்டாது. இதில் தெய்வக் குற்றம் எங்கேயும் இல்லை.

ஜவ்வரிசியைக் குறை சொன்னால் இந்த ஊரில் என்னை அடிக்க வருவார்கள். ஆத்தூர் சாலையில் பஸ்ஸில் போனால் ஜன்னலை மூடவைக்கிற அந்த வாசனை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு நின்றபோது இங்கே வேர்விட்ட தொழில் அது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் ஏகாதசி விரதத்துக்குக் கிச்சடி கிண்டுவதும் பெரும்பாலும் நம் ஊர்ச் சரக்கில்தான். எல்லாம் பெருமைதான். ஆனால் அது எப்படி உருவாகிறது என்று யோசியுங்கள். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியைத் தோலுரித்து அரைத்து, பாலைப் பிழிந்து, படிய வைத்து, அந்த மாவை உருட்டி வறுத்துக் காயவைக்கிறார்கள். நார் இருக்கிற திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடுகிறது. நமக்கு மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து. நூறு கிராம் ஜவ்வரிசியில் 85 கிராமுக்கு மேல் மாவு. புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது. சர்க்கரை நோயாளியைப் பொறுத்தவரை மாட்டுக்கு நல்ல பங்கு போய்விட்டது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு எழுந்தபோது ஜவ்வரிசிக் கஞ்சி கொடுங்கள், பண்டிகைக்குப் பாயசம் வைத்து இரண்டு கரண்டி சாப்பிடுங்கள். பட்டினி கிடந்த வயிற்றுக்கு மாதம் பத்து நாள் அதையே முதல் உணவாகக் கொடுக்காதீர்கள்.

நாட்டுச் சர்க்கரைக்கும் மலைத்தேனுக்கும் நீண்ட பதில் தேவையில்லை. இரண்டும் சர்க்கரைதான். நாட்டுச் சர்க்கரையில் கொஞ்சம் தாதுச்சத்து உண்டு. அதற்காகச் சாப்பிட வேண்டிய அளவு, சர்க்கரை நோயாளி சாப்பிடக் கூடாத அளவு. தேன் ஏற்காட்டுத் தேனாக இருந்தாலும், சுத்தமான தேனாகவே இருந்தாலும் (சாலையோரம் வாங்கியதென்றால் அதுவே சந்தேகம்) கணையத்துக்கு ஊர்ப்பாசம் கிடையாது.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அடுத்து அதில்தான் விழப்போகிறீர்கள் என்பதால். அரிசிக்குப் பதில் சாமை, தினை, கேழ்வரகு என்று மாறினால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. சேர்வராயன் மலையில் சாமையும் கேழ்வரகும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் பொழுதெல்லாம் மேடும் பள்ளமும் ஏறி இறங்கிக் காட்டில் உழைத்தவர்கள். அந்தச் சாமையைக் கீழே கொண்டுவந்து, மிக்ஸியில் மாவாக்கி, கஞ்சியாகக் காய்ச்சி, உட்கார்ந்த இடத்தில் ஒரு சொம்பு குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். சிறுதானியம் நல்லது, அரிசியைவிட நார் அதிகம்; ஆனாலும் அது தானியம், அளவோடுதான் சாப்பிட வேண்டும். ராகி சாப்பிட ஆசையா? கூழாகக் குடிக்காமல், கைப்பிடி அளவு களியைக் கீரைக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுங்கள். கோயிலில் ஊற்றுகிற ஆடிக் கூழ் ஒரு டம்ளர் பிரசாதம். இரண்டாவது டம்ளருக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

சரி, என்ன சாப்பிடுவது? உங்கள் எடை 62 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். உங்களுக்கு நாளுக்கு ஐம்பது கிராம் சொச்சம் வருகிறது. நீங்கள் கொடுத்த பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் முப்பத்தைந்தைத் தொடவில்லை. சைவத்தில் இதைச் சரிசெய்ய முடியாது என்று உங்கள் மாமியார் சொன்னால் நம்பாதீர்கள். சைவமாக மாறினாலே தானாகச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். அதற்கு வேலை செய்ய வேண்டும். பருப்புத் தண்ணீராக ஓடுகிற சாம்பாரை நிறுத்திவிட்டு, கரண்டி நின்றால் சாயாத அளவுக்குப் பருப்புப் போடுங்கள். நம் பக்கத்துக் கொள்ளுப் பருப்பு இருக்கிறது, தட்டைப்பயறு, மொச்சை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை இருக்கின்றன. லீ பஜாரில் மொத்தமாக வாங்கி வைத்தால் மாதம் ஓடும். காலையில் நான்கு இட்லியை இரண்டாக்கி, ஒரு கிண்ணம் சுண்டல் சேருங்கள். மாலையில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை ஏழு கிராம் புரதம் தரும், ஏறக்குறைய ஒரு முட்டைக்குச் சமம். மீல் மேக்கரில் பாதிக்குப் பாதி புரதம்தான். வாரம் இரண்டு நாள் குருமாவில் போடலாம், ஊறவைத்துப் பிழிந்துவிட்டு. மதியத் தயிர் ஒரு கரண்டியாக இல்லாமல் ஒரு கிண்ணமாக இருக்கட்டும்.

மருத்துவர் சம்மதித்த பிறகு விரத நாளையும் இதே வழியில் மாற்றலாம். பகலில் ஒருபொழுது: உப்புக் குறைத்த பச்சைப்பயறுப் பொங்கல், மோர், ஒரு கொய்யா. மாலை விளக்கேற்றிய பிறகு மறுபடி சுண்டல். மாம்பழப் பருவத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மல்கோவாவை மறுக்கச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. சாப்பாட்டோடு சேர்க்காமல், பதினோரு மணி வாக்கில் இரண்டு துண்டு.

உள்ளங்கால் மரத்துப்போவதைச் சர்க்கரை நோயின் கணக்கிலேயே எழுதிவிடாதீர்கள். பி12 என்ற வைட்டமின் இயற்கையாகக் கிடைப்பது விலங்கு உணவில்தான். பால், தயிரில் கொஞ்சம் உண்டு. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டால் அந்தக் கொஞ்சத்தையும் குடல் சரியாக உறிஞ்சாது. நீங்கள் ஆறு வருடமாகப் போட்டுக்கொண்டு, இப்போது முட்டையையும் விட்டிருக்கிறீர்கள். கால் மரத்தல், நாக்குப் புண், மறதி, சோர்வு இவற்றுக்கெல்லாம் பி12 குறைவு காரணமாக இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பழைய சோற்றிலும் முருங்கைக்கீரையிலும் பி12 இருப்பதாகச் சுற்றிவரும் செய்தியை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். மாத்திரையாகக் கிடைக்கிற பி12 நுண்ணுயிரிகளை வளர்த்து எடுப்பது. உங்கள் விரதத்துக்கு அதனால் பங்கமில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: குளிகையின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டின், அது விலங்கிலிருந்து வருவது. மருந்துக்கடையில் உறையில்லாத மாத்திரையாகக் கேட்டு வாங்கலாம். இவ்வளவு கறாராக இருப்பவர்களை நான் கேலி செய்வதில்லை. கொள்கை என்றால் அப்படித்தான் இருக்கும்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் உங்கள் மேல் விழுந்த பழியைக் கொஞ்சம் இறக்குகிறேன். ஐந்தாறு மாதம் கறி சாப்பிடாததால் மட்டுமே ஒரு பெண்ணின் ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 9.2க்கு இறங்கிவிடாது. அது முன்பே குறைந்துகொண்டிருந்திருக்கும். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்திய அளவில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகள் கறி சாப்பிடுகிற வீடுகள்தான். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் பெண்பிள்ளைக்கு எத்தனை துண்டு விழுகிறது என்பதைப் பொறுத்தது அது. உங்கள் மாமியாரிடம் சண்டை போடாமல் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் 9.2 என்பது அலட்சியப்படுத்துகிற எண்ணும் இல்லை. அவள் வயதுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். பள்ளியில் வாரந்தோறும் தருகிற நீல மாத்திரை வராமல் தடுப்பதற்கு. வந்துவிட்ட பிறகு மருத்துவர் எழுதித் தருகிற அளவில் இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். மாதவிலக்கில் அதிகம் போகிறதா, குடற்புழு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. மாத்திரையைப் பாலோடு கொடுக்காதீர்கள். எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். ரத்தம் பன்னிரண்டைத் தொட்ட பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பின் சேமிப்பு நிரம்பும். தொட்ட அன்றே டப்பாவை மூடிவைக்கிற வீடுகள்தான் அதிகம்.

சைவத்திலேயே அவளை ஏற்றிவிட முடியுமா என்று கேட்டால், முடியும். கீரையிலும் பயறிலும் எள்ளிலும் இருக்கிற இரும்பைக் கறியில் இருப்பதைப்போல உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ இருந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். முளைகட்டினாலும் மாவைப் புளிக்கவைத்தாலும் இன்னும் நல்லது. எதிரி யார் என்றால், சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீயும் காபியும். ஏற்காட்டுக் காபிக்கொட்டையை நாமே வறுத்து அரைத்துக் குடிக்கிற ஊரில் இதைச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்.

இதில் நான் கறாராகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவள் கீரை சாப்பிட மாட்டாள், பயறு பிடிக்காது, பாலும் வேண்டாம், கறியும் வேண்டாம், நூடுல்ஸும் டீயும் போதும் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குப் பெயர் சைவம் இல்லை. நீங்கள் வடலூர் போய்வந்தவர். வள்ளலார் கொல்லாமையை எவ்வளவு அழுத்திச் சொன்னாரோ அவ்வளவு அழுத்திப் பசியாற்றுவதையும் சொன்னார். 1867இல் அவர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. உங்கள் வீட்டில் ரத்தமில்லாமல் மயங்கி விழுந்தவளும் ஒரு ஜீவன். அவள் உண்மையிலேயே உயிர் இரக்கத்தால் விட்டிருந்தால், பயறும் கீரையும் சாப்பிடுவது அந்த முடிவோடு சேர்ந்து வருகிற கடமை. அம்மாவைப் பார்த்து விட்டிருந்தால், மீண்டும் முட்டை சாப்பிடுவதில் அவளுக்கு வெட்கம் வரக் கூடாது; அந்த வெட்கம் உங்கள் முகத்திலிருந்து அவளுக்குப் போய்விடவும் கூடாது.

கண்ணப்பர் கதையைச் சொல்லி உங்கள் வாயடைக்கப் பார்க்கிற மாமியாரை எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் சொல்வது உண்மைதான். அறுபத்துமூவரில் வேடரான கண்ணப்பரும் இருக்கிறார், மீனவரான அதிபத்தரும் இருக்கிறார். அதே மண்ணில்தான் வள்ளலாரும் பிறந்தார். நம் பக்தி இரண்டையும் வைத்துக்கொண்டே நடந்துவந்திருக்கிறது. கோயில்களில் உயிர்ப்பலிக்கு எதிராக 1950இலேயே இங்கே சட்டம் இருந்தது. 2003இல் அதைக் கடுமையாக அமல்படுத்தினார்கள், 2004இல் சட்டத்தையே நீக்கினார்கள். ஓர் அரசாங்கத்தால் முடித்துவைக்க முடியாத வழக்கை உங்கள் சமையலறையில் இந்த ஆடிக்குள் முடிக்கப் பார்க்காதீர்கள்.

சமைத்தால் பாவமா என்பதற்கு உணவியல் படித்தவளிடம் விடை கிடையாது. என் அபிப்பிராயம் வேண்டுமானால் சொல்கிறேன். சாப்பிடாமல் இருப்பது உங்கள் உரிமை, சமைக்காமல் இருப்பதும் உங்கள் உரிமை. மற்றவர்கள் சாப்பிடக் கூடாது என்பது உங்கள் கையில் இல்லை. நான் பார்த்த கிடா வெட்டுகளில் அண்டாவைக் கிளறியவர்கள் ஆண்கள்தான். மருமகள் சமைத்தால்தான் குலதெய்வம் ஏற்கும் என்பது எப்போது வந்த சட்டமோ. நீங்கள் பொங்கல் வையுங்கள், மாவிளக்குப் போடுங்கள், சோறும் ரசமும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். அன்றைக்கு மட்டும் தயவுசெய்து பட்டினி கிடக்காதீர்கள். வெயில், அலைச்சல், கிளிமிபிரைடு மூன்றும் சேர்ந்தால் விபரீதம்.

வீட்டுக் கதைக்கும் இதுவே. நீங்கள் சமைக்க மறுத்ததால் ஓர் ஆடுகூடப் பிழைக்கவில்லை. கணவரும் மகனும் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்த கோழியும் பரோட்டாவும் சாப்பிடுகிறார்கள். முன்பு வீட்டில் தேங்காயும் மல்லியும் அரைத்துவிட்ட குழம்பு சாப்பிட்டவர்கள். அறக்கணக்கில் வரவு இல்லை, உடல்நலக் கணக்கில் செலவு. தனியாக ஒரு சட்டி, ஒரு அடுப்பு, கணவர் கையில் கரண்டி. தறியில் அத்தனை இழையைக் கோக்கத் தெரிந்தவருக்கு ஒரு குழம்பு வைக்க வராதா? எழுபதை நெருங்குகிற மாமியாருக்கும் தினம் ஒரு அவித்த முட்டை கிடைக்கட்டும். வயதானால் தசை கரையும். பல் போனவருக்கு முட்டையைப்போல் சுலபமான புரதம் குறைவு. அதை அவர் பேத்தியோ மகனோ அவித்துக் கொடுக்கட்டும்.

பால் பற்றிக் கேட்டீர்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பசு கன்று போட்டால்தான் பால். பாதிக் கன்று காளைக்கன்று. ஏர் உழுத காலத்தில் அதற்கு வேலை இருந்தது. டிராக்டர் வந்த பிறகு பெரும்பாலும் சந்தைக்குத்தான் போகிறது, அங்கிருந்து எங்கே என்று உங்களுக்கும் தெரியும். முட்டையிலும் அப்படித்தான். 1997 வரை நம் மாவட்டமாகவே இருந்த நாமக்கல்லின் பண்ணைகளில் கூண்டுக் கோழிக்குக் கிடைக்கிற இடம் பொதுவாக ஓர் ஏ4 தாளைவிடக் குறைவு. மேச்சேரிப் பக்கம் வெயிலில் மேய்ந்து வளர்கிற செம்மறி, சாகிற நாள் வரையாவது ஆடாக வாழ்கிறது. கொங்கணாபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு அதை ஓட்டிவருகிற பெண்ணுக்கு அந்தப் பணம்தான் பிள்ளையின் பள்ளிக் கட்டணம். உயிர் இரக்கம் என்று அளக்கத் தொடங்கினால் கோடு நாம் நினைத்த இடத்தில் விழுவதில்லை. இதைச் சொல்வது உங்களைப் பாலை விடச் சொல்வதற்காக இல்லை. இப்போதைய நிலையில் பாலும் தயிரும் உங்களுக்குத் தேவை, குடியுங்கள். பால் குடிக்கிற கையோடு பக்கத்துத் தட்டில் இருக்கிற கறியைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த அருவருப்பையும் கோபத்தையும் நானாக இருந்தால் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். விரத நாள் மாலைக் கோபத்தில் ஒரு பங்கு சர்க்கரை இறங்கியதால் வருவது. மாத்திரையைச் சரிசெய்தால் அது போய்விடும். மற்ற நாளில் வருகிற கோபத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் ஒரு வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. புரட்டாசி முழுக்க உங்கள் மாமியார் கவிச்சியே தொடுவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, அவரும் அந்த மாதத்தில் யாரையும் பார்த்து முகம் சுளிப்பதில்லை. எப்படி அது முடிகிறது என்று அவரிடமே கேட்கலாம். பேச்சு தொடங்குவதற்கு நல்ல இடமாகவும் இருக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: மருத்துவரைப் பார்த்து மாத்திரையை மாற்றுவது பற்றிக் கேளுங்கள். உங்களுக்குப் பி12, மகளுக்கு முழு ரத்தப் பரிசோதனையும் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் பரிசோதனையும் எடுங்கள். தனியாரில் செலவாகும் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சர்க்கரையைக் காலை வெறும் வயிற்றிலும், விரத நாள் நான்கு மணிக்கும், இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரக் கணக்கு இருந்தால் உணவுப் பட்டியலை அளவோடு போட்டுத் தருகிறேன். மகளை எனக்குத் தனியாக எழுதச் சொல்லுங்கள். கறியை ஏன் விட்டாள் என்பதை அவள் கையெழுத்தில் படித்த பிறகுதான் அவளுக்கு என்ன சொல்வது என்று முடிவு செய்வேன்.